வானியற் பேரறிஞர் வைணு பாப்பு

பெரியோர் வாழ்க்கை வரலாறுகளைக் கற்பதனால் எய்தும் பயன்கள் பல. அவற்றுள் தலையாயது, இளமையில் உள்ளத்தெழும் சிறு விருப்பமொன்று நெறிப்பட வளர்க்கப்படுமாயின் அஃது எத்துணைப் பெருமரமாய்த் தழைக்கும் என்பதை உணர்தலேயாம். புலவர், புரவலர், அருளாளர், அரசியலறிஞர் ஆகியோரின் வரலாறுகளை மாணாக்கர் பாட நூல்களிற் பயில்கின்றனர். ஆயின், கோள்களையும் விண்மீன்களையும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார் ஒருவர் வரலாற்றை அவர்கள் கேட்டல் அரிது. வானத்தை ஆராய்ந்து வயிறு வளர்த்தல் இயலுமோ என்னும் ஐயம் பெற்றோர் பலர்க்கும் உண்டு. அவ்வையத்துக்கு விடையாய் வாழ்ந்து காட்டியவர் கலாநிதி வைணு பாப்பு அவர்கள். அவர்தம் வரலாற்றை இவ்விழா மலரில் எழுத முற்படுவது எமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர்தம் குடும்பம் மலையாள நாட்டின் தலைச்சேரியைச் சார்ந்தது. தந்தையார் ஹைதராபாத்து நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தவர். செல்வம் மிக்க குடும்பம் அன்று. ஆயினும் பிற சிறுவர்க்குக் கிட்டாத செல்வமொன்று மைந்தர்க்குக் கிட்டிற்று. தொலைகாட்டியின் அருகே வளரும் பேறே அது. தந்தையார் இரவிற் செய்யும் பணியைக் கண்டு வளர்ந்த சிறுவர்க்கு வானம் கதைப்பொருளாகவன்றிக் கணக்கெடுக்கும் பொருளாகவே காட்சியளித்தது. ஹைதராபாத்து நிஜாம் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற காலத்திலேயே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் மாறொளி விண்மீன்களை இரவு தோறும் அவதானித்து ஆய்வுக் குறிப்புகளை வெளியிட்டார்.

அக்காலத்தில் இந்தியாவில் வானியலை முறையாகக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சில. வானியலாளர்க்குரிய பதவிகளோ அவற்றினும் சில. முதுநிலைப் பட்டம் பெற்ற இளைஞர் எங்கே செல்வார்? அந்நிலையில், 1947ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க வானியலறிஞர் ஹார்லோ ஷாப்லியைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது. சந்திப்பு ஒருவர்க்கு வாய்த்தல் நற்பேறு. அச்சந்திப்பின்போது காட்டுதற்குக் கையிற் செய்த வேலை இருத்தலோ அவரவர் முயற்சி. பாப்புவிடம் அவ்வேலை இருந்தது. ஹைதராபாத்து அரசின் புலமைப்பரிசிலும் கிடைக்க, 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷாப்லி தலைமை வகித்த ஹார்வர்ட் நிலையத்தை அவர் அடைந்தார்.

சென்ற சில மாதங்களுள்ளேயே அவர் பெயர் உலகெங்கும் பரவலாயிற்று. அவ்வாண்டு யூலை 2ஆம் நாளிரவு எடுத்த புகைப்படத் தகட்டை ஆராய்ந்தபோது, அதற்குமுன் எவரும் கண்டிராத வால்வெள்ளியொன்று அதிற் பதிந்திருத்தலைக் கண்டார். பேராசிரியர் பார்ட் பொக்கும் உடன்பயின்ற கோர்டன் நியூகேர்க்கும் அக்கண்டுபிடிப்பிற் பங்கு கொண்டமையால், அது பாப்பு-பொக்-நியூகேர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. பசிபிக் வானியற் கழகம் அதற்கென டொனோகோ பதக்கமும் வழங்கிற்று. 22 வயதும் நிரம்பாத மாணவர் ஒருவர்க்கு இஃது அரும்பெரும் சிறப்பன்றோ!

1952இற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர், கார்னெகி நிறுவனத்தின் ஆய்வாளராகிக் கலிபோர்னியாவின் பலோமர் மலையில், அந்நாளில் உலகின் மிகப் பெரியதாய் விளங்கிய 200 அங்குலத் தொலைகாட்டியிற் பணி செய்தார். ஒலின் வில்சன் என்னும் அறிஞரோடு கூடி அவர் கண்ட உண்மை, வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரால் 1957இல் வெளிவந்தது. சில வகை விண்மீன்களின் நிறமாலையிற் காணும் கல்சியக் கோடொன்றின் அகலத்தைக் கொண்டே அம்மீனின் உண்மை ஒளியை மதிப்பிடலாம் என்பதே அதன் சாரம். உண்மை ஒளி தெரியின் தொலைவும் தெரியும். இன்றும் வானியல் மாணாக்கர் அவ்விளைவை அவர் பெயராலேயே கற்கின்றனர்.

இங்கேதான் அவர் வாழ்வில் முதன்மையான திருப்பம் நேர்கின்றது. உலகின் தலைசிறந்த தொலைகாட்டி கைவசம். பெயரும் புகழும் வளர்ந்து வருங் காலம். அமெரிக்காவில் தங்கியிருப்பின் ஆய்வுக்கு யாதொரு குறையும் நேராது. தாய்நாட்டிலோ அவர்க்கேற்ற கருவியும் இல்லை, பதவியும் காத்திருக்கவில்லை. ஆயினும் 1953இல் அவர் தாயகம் திரும்பினார். கல்வியின்பொருட்டும் தொழிலின்பொருட்டும் கடல் கடந்து சென்று வாழும் எமது பழைய மாணவர் பலர்க்கும் இவ்விடம் சிந்தனைக்குரியது. திரும்பாதாரை யாம் குறை கூற வரவில்லை. திரும்பியவர் ஒருவர் எத்தகைய வேலையை எதிர்கொண்டார் என்பதையே எடுத்துரைக்கின்றோம்.

1954ஆம் ஆண்டில், காசியில் அப்போதுதான் தொடங்கப்பெற்றிருந்த உத்தரப் பிரதேச அரசின் வானாய்வு நிலையத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. சமவெளிப் புழுதியும் நகர ஒளியும் அவதானிப்புக்கு ஏலாதன என்று கண்ட அவர், அந்நிலையத்தை இமயமலைச் சாரலின் நைனிதாலுக்கு மாற்றுவித்தார். 1960இற் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளரானபோது அவருக்கு வயது 32.

கொடைக்கானல் நிலையத்துக்குப் பழம்பெருமை உண்டு. 1792இல் நிறுவப்பெற்ற சென்னை வானாய்வு நிலையத்தின் வழித்தோன்றல் அது. அச்சென்னை நிலையத்திலேதான் 1861இல் நோர்மன் பொக்சன் என்பார் ஆசியா எனப் பெயர் பெற்ற சிறுகோளைக் கண்டார். அவர்தம் உதவியாளரான சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் மாறொளி விண்மீனொன்றைக் கண்டு புகழ் பெற்றார். கொடைக்கானலிலோ சூரியனை ஆராய்தலே முதன்மைப் பணியாயிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரம். ஆயினும் முகிலும் மூடுபனியும் இரவுகளைப் பெரிதும் கவர்ந்து கொண்டன. நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழும் எமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மலையின் உயரம் ஒன்றே வானியலுக்குப் போதியதன்று. தெளிந்த வானமும் வேண்டும்.

ஆதலால், தென்னாட்டில் நல்ல வானம் வாய்ந்த இடத்தை அவர் நாடித் தேடினார். சவ்வாது மலையில், வாணியம்பாடிக்குத் தெற்கே, காவலூர் என்னும் சிற்றூர் அவர்தம் நோக்கிற்கு இசைந்தது. உயரம் ஏறத்தாழ 725 மீற்றர் மாத்திரமே. ஆயினும் சுற்றிலும் காடு. நகர விளக்கொளி அணுகாத இருள். மேலும், பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் அமைந்தமையால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும் பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1968இல், தம் நிலையத்தாரே அமைத்த 38 சதமமீற்றர்த் தொலைகாட்டியை அங்கு நிறுவினார். 1972இல் ஜேர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்தார் ஆக்கிய ஒரு மீற்றர்த் தொலைகாட்டி வந்து சேர்ந்தது. இதற்கிடையே, 1971இற் கொடைக்கானல் நிலையம் இந்திய வானியற்பௌதிக நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. அதன் பணிப்பாளரும் அவரே. இம்மலைநாட்டுக்கு வந்த எம் முன்னோர் பலர் வட ஆற்காடு, சேலம், திருச்சி முதலாய பகுதிகளிலிருந்து புறப்பட்டவராதலின், அம்மலைச் சாரல் எமக்கு முற்றும் அயலான நிலமன்று.

புதிய தொலைகாட்டி அமைந்த சில நாட்களிலேயே அரியதோர் வாய்ப்பு வந்துற்றது. 1972 யூன் 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோளான கனிமீடு, விண்மீனொன்றை மறைத்துச் சென்றது. மறைப்பினால் அறிவது யாது? சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலத்தில், மசுக்கெலியாப் பக்கத்திலிருந்து படிவழி விளக்குகளை இரவிற் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். மலைமுகடொன்று குறுக்கிடின் விளக்கு சடுதியில் மறையும். மூடுபனி குறுக்கிடின் சிறிது சிறிதாய் மங்கி மறையும். அவ்வாறே, துணைக்கோளைச் சுற்றி வளி இருப்பின் விண்மீன் படிப்படியாக மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த அளவீடுகள் கனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டின. 1979இல் வொயேஜர் விண்கலம் அண்மையிற் சென்று நோக்கியபோது, அவ்வளி கருதியதனினும் மிக மிக மெல்லியதாதல் வேண்டும் எனத் தெரிந்தது. 1990களில் ஹபிள் தொலைகாட்டி அங்கு நுண்ணிய ஒட்சிசன் உண்மையைக் காட்டிற்று. ஒருவர் அளந்ததைப் பின்வருவோர் திருத்துதல் அறிவியலின் இயல்பு. அதனால் முன்னவர்க்கு இழுக்கில்லை.

1977 மார்ச் 10ஆம் நாள் நிகழ்ந்ததோ அதனினும் பெரிது. அன்று யுரேனசு என்னும் கோள் விண்மீனொன்றின் முன்னே செல்லவிருந்தது. 1781இல் வில்லியம் ஹேர்ஷல் கண்ட அக்கோளுக்கு வளையமுண்டென அந்நாள்வரை எவரும் அறிந்திலர். வளையமுடைய கோள் சனி ஒன்றே என்று நூல்கள் கூறின. காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் ஒரு மீற்றர்த் தொலைகாட்டியில் அம்மீனின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். கோள் அணுகுமுன்னரே ஒளி சில நொடி குன்றி மீண்டது. புதிய துணைக்கோளொன்று குறுக்கிட்டது போலும் என அவர்கள் முதலிற் கருதினர். அதே நேரத்தில் இந்து சமுத்திரத்தின் மீது பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்த அறிஞரோ, கோளின் முன்னும் பின்னும் ஒத்த தொலைவுகளில் ஒளி பலமுறை குன்றியமையைப் பதிந்திருந்தனர். வேலிக்கு அப்பாலுள்ள விளக்கு, நாம் நடந்து செல்கையில் ஒவ்வொரு கம்பமும் குறுக்கிடுந்தோறும் மறைந்து தோன்றுதல் போன்றது அது. வளையங்களே அக்கம்பங்கள் என்பது தெளிவாயிற்று. காவலூர்ப் பதிவுகளை மீள ஆராய்ந்து, யுரேனசைச் சூழ்ந்த வளையத் தொகுதி பற்றிப் பாப்புவும் பட்டாச்சாரியாவும் அவ்வாண்டிலேயே கட்டுரை வெளியிட்டனர். இன்று யுரேனசுக்கு 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன.

பாப்பு அவர்களின் பெருமை தாம் கண்டவற்றோடு முடிவதன்று. பிறர் காணுதற்கு வழி செய்தமையே அவர்தம் பெருங்கொடை. கண்ணாடி தேய்ப்போர், இயந்திரம் கடைவோர், மின்னணுக் கருவி அமைப்போர், கணிப்போர் என எல்லோரையும் ஒருங்கு திரட்டிப் பயிற்றினார். வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கும் தொலைகாட்டியோடு அமையாது, தம் நாட்டாரே 2.34 மீற்றர்த் தொலைகாட்டியொன்றை வடிவமைத்துக் கட்டல் வேண்டும் எனத் திட்டமிட்டார். உருதுக் கவிதையிலும் ஓவியத்திலும் ஈடுபாடு மிக்க அவர், ஆய்வு நிலையத்தையும் ஒரு கலைப்படைப்பெனவே கருதிப் பேணினார்.

1979இல் அனைத்துலக வானியற் சங்கத்தின் தலைவரானார்; அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவரே. 1981இற் பத்மபூஷண் விருது பெற்றார். 1982 ஆகஸ்டில் அச்சங்கத்தின் பேரவை கிரேக்க நாட்டின் பத்ராசு நகரிற் கூடியது. தலைமை தாங்க வேண்டியவரோ ஜேர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சை பெற்றுக் கிடந்தார். அம்மாதம் 19ஆம் நாள், 55 வயது நிரம்பிய ஒன்பதாம் நாளில், அவர் உயிர் நீத்தார். தாம் திட்டமிட்ட பெருந்தொலைகாட்டியின் வாயிலாக வானத்தை ஒருமுறையேனும் நோக்கும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

ஆயினும் அவர் பயிற்றிய கைகள் ஓயவில்லை. 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைகாட்டியைத் திறந்து வைத்து அவர் பெயரையே சூட்டினார். காவலூர் நிலையமும் வைணு பாப்பு வானாய்வு நிலையமாயிற்று. அதே மாதத்தில் வொயேஜர் 2 விண்கலம் யுரேனசை அண்மி அதன் வளையங்களைப் படம் பிடித்து அனுப்பிற்று. 1988இற் காவலூரில் கண்டுபிடிக்கப்பெற்ற சிறுகோளொன்று கணித மேதை இராமானுஜன் பெயரைப் பெற்றது. பாப்பு பெயராலும் 2596 என்னும் எண்ணுடைய சிறுகோள் சூரியனைச் சுற்றி வருகின்றது.

இனி, எமது மாணாக்கர்க்குச் சில சொல்வோம். கோள்களை ஆராயுந் துறை எமது தீவுக்குப் புதியதன்று. கொழும்பிற் பிறந்து திருகோணமலையிற் படைத்துறைப் பொறியியலாளராகப் பணியாற்றிய பேர்சி மோல்ஸ்வேர்த் அங்கிருந்தே வியாழனையும் செவ்வாயையும் இரவு பகலாய் ஆராய்ந்தார். 1901இல் வியாழனின் மீது அவர் கண்ட பெருங்கொந்தளிப்பு வானியல் வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. காவலூரினும் எமது நாடு பூமத்திய கோட்டுக்கு அண்மையது. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிறுவனத்தில் 45 சதமமீற்றர்த் தொலைகாட்டி உண்டு. உயர்தர வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் செம்மையாகக் கற்றார்க்கு இத்துறையின் கதவு திறந்தே கிடக்கின்றது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரனின் தென்முனைக்கருகே இறங்கிய சந்திரயான் 3 திட்டத்தை நெறிப்படுத்திய வீரமுத்துவேல், விழுப்புரத்தில் இரயில்வேத் தொழினுட்பவியலாளர் ஒருவரின் மைந்தர் என்பதையும், முதலில் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்றே மேற்சென்றவர் என்பதையும் நினைவிற் கொள்க.

மருத்துவரும் பொறியியலாளரும் ஆதல் நன்றே. தோட்டத்து வீடுகளில் ஒருவர் பட்டம் பெறுவதே குடும்பம் முழுவதற்கும் விடிவாகும் நிலையில், பெற்றோர் உறுதியான தொழிலை விரும்புதல் இயல்பே. ஆயினும், விருப்பமும் ஆற்றலும் ஒருங்கு வாய்ந்த பிள்ளை நூற்றில் ஒன்றாயினும் இருக்கும். அப்பிள்ளையின் விருப்பத்தை வீண் என்று ஒதுக்காது, நூலும் நேரமும் ஊக்கமும் அளித்தல் ஆசிரியராகிய எமக்கும், வசதி படைத்த பழைய மாணவர்க்கும் உரிய கடனாம். ஹைதராபாத்தில் ஓர் உதவியாளரின் மகனுக்குத் தந்தையார் தொலைகாட்டியைக் காட்டினார். ஓர் அரசு புலமைப்பரிசில் ஈந்தது. ஓர் அறிஞர் கதவைத் திறந்தார். அம்மூன்றையும் எமது கல்லூரிச் சமூகம் தன் பிள்ளைகட்கு அளிக்க முன்வருமாயின், இம்மலைநாட்டிலிருந்தும் ஒரு வைணு பாப்பு தோன்றுதல் அரிதன்று. அந்நாள் விரைவில் வருக! கல்லூரி அன்னை நீடு வாழ்க!