கூடைப்பந்தில் கதவைத் திறந்தவர்

1902-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் மார்ல்பரோ என்ற ஊரின் அணியுடன் கூடைப்பந்துப் போட்டி நடந்தது.

லோவெல் நகர அணியின் ஆட்டக்காரர் ஒருவருக்கு அடிபட்டு விட்டது. அவருக்குப் பதில் ஆட ஒரு வாலிபர் தயாராகக் காத்திருந்தார். ஆனால் மானேஜர் அவரைக் கூப்பிடவில்லை. 5 பேர் ஆட வேண்டிய இடத்தில் 4 பேரை வைத்தே ஆட்டத்தைத் தொடர்ந்தார்!

காரணம்? அந்த வாலிபர் கறுப்பர்.

பார்க்க வந்தவர்களுக்குக் கோபம் வந்து விட்டது. அவரை இறக்கும்படி கூச்சல் போட்டார்கள். கலகம் மூளும்போல் இருந்தது. மானேஜர் பணிந்தார். வாலிபர் களத்தில் குதித்தார்.

அவர்தான் "பக்கி" என்று அழைக்கப்பட்ட ஹாரி லூ. அப்போது அவருக்கு வயது 18. தொழில்முறைக் கூடைப்பந்தில் வெள்ளையருடன் சேர்ந்து ஆடிய முதல் கறுப்பர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது.

வீரப் பரம்பரை

லூ 1884-ம் ஆண்டு லோவெல் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோரான பர்சிலாய் லூ, அமெரிக்க சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்.

1891-ல் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அப்போது லூ 7 வயதுச் சிறுவன். வளர்ந்ததும் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர் ஆனார்.

முழங்கை இடி

அந்தக் காலத்து ஆட்டம் முரட்டு ஆட்டம். களத்தைச் சுற்றி வலை கட்டியிருப்பார்கள். பந்து வெளியே போகாது, ஓய்வும் கிடையாது. கூடைக்குப் பின்னால் பலகை இல்லை. பந்து நேராகக் கூடையில் விழ வேண்டும்.

எதிரணியினர் லூவை முழங்கையால் இடித்தார்கள், முழங்காலால் தாக்கினார்கள், இழிவாகப் பேசினார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு இடி குறைந்தது. இத்தனைக்கும் ஓர் ஆட்டத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி 5 டாலர்தான்.

எதிரணியில் யார் நன்றாகப் பந்து போடுகிறாரோ, அவரை மடக்கும் வேலை லூவுக்கு வந்து சேரும். அவ்வளவு நம்பிக்கை!

லீக் போட்டிகள் நின்ற பிறகும் அவர் ஓயவில்லை. சொந்த அணி சேர்த்து ஊர் ஊராகச் சென்று ஆடினார். 1926 வரை ஆடினார். பிறகு ஸ்பிரிங்பீல்டுக்குக் குடிபோய், துணி சலவைத் தொழில் நடத்தினார்.

48 ஆண்டுகள்!

என்.பி.ஏ. என்ற பெரிய கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பர்கள் ஆட இடம் கிடைத்தது 1950-ல்தான். லூ களம் இறங்கி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நல்ல நாளைக் கண்ணால் காண அவர் உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு 66 வயது.

1963-ல், கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்பீல்டு நகரில், லூ காலமானார்.