அக்னஸ் பொக்கல்ஸ் (1862 – 1935)

கிருலப்பனையில் எந்த வீட்டுச் சமையலறையிலும் பாத்திரம் கழுவும்போது நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் காணலாம். நாம் அதனைக் கழுவி ஊற்றிவிடுகிறோம். அப்படலத்தை அளந்து பார்த்து, விஞ்ஞானத்தில் புதிய துறையொன்றுக்கு வழிதிறந்தவர் அக்னஸ் பொக்கல்ஸ் அம்மையார்.

இவர் 1862ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி வெனிஸ் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் ஒஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் ஒஸ்திரிய இராணுவத்தில் பணியாற்றினார். 1871இல் குடும்பம் ஜேர்மனியின் பிரவுண்ஸ்வைக் நகரில் குடியேறியது. அங்கு பெண்கள் பாடசாலையொன்றில் அக்னஸ் கற்றார். பௌதிகவியலில் மிகுந்த ஆர்வம் இருந்தும், அந்நாளில் அங்கு பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரிப்பதும் வீட்டு வேலைகளும் அவரது பொறுப்பாயின. பௌதிகவியல் கற்ற தம்பி பிரீட்ரிக் கொடுத்த நூல்களைக் கொண்டு அவர் தாமாகவே கற்றார்.

ஏறத்தாழ இருபது வயதில் வீட்டிலேயே அவர் ஆய்வைத் தொடங்கினார். 70 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 2 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தகரத் தொட்டியை விளிம்புவரை நீரால் நிரப்பினார். அதன் குறுக்கே ஒரு தகரக் கீலத்தை வைத்து நகர்த்தி, எண்ணெய் பரவிய பரப்பைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தார். நீர்மேல் வைத்த சிறு தட்டைத் தராசினால் மேலே இழுத்து மேற்பரப்பு இழுவிசையை அளந்தார். படலம் விரிந்திருக்கும்போது இழுவிசை தூய நீரினதைப் போலவே இருந்தது. பரப்பு ஒரு குறித்த எல்லைக்குக் கீழ் குறைந்ததும் அது சடுதியாக வீழ்ந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கும் எல்லை அதுவே. ஒரு கொழுப்பமில மூலக்கூறுக்கு ஏறத்தாழ 0.2 சதுர நனோமீற்றர் இடம் கிடைக்கும் நிலை அது.

நீரில் கரையும் பொருள்களையும் அவர் ஆராய்ந்தார். உள்ளிருக்கும் நீரைவிட மேற்பரப்புப் படை அவற்றைக் கூடுதலாக ஏற்கும் எனக் கருதினார். சவர்க்காரத்துக்கு இது பொருந்தும். கறியுப்புக்குப் பொருந்தாது என்பதை இன்று அறிவோம். நீரில் கல்சியம் அயன்கள் கரைந்திருப்பின் கொழுப்பமிலப் படலம் மேலும் உறுதியாகும் என்பதும் பின்னர் தெரியவந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் வன்னீரில் சவர்க்காரம் நன்கு நுரைக்காமல் வெண்படையாக மிதப்பதற்கும் கல்சியமே முக்கிய காரணமாகும்.

பட்டமோ பதவியோ இல்லாத பெண்ணின் ஆய்வு சுமார் பத்து ஆண்டுகள் அச்சேறாமலே கிடந்தது. இங்கிலாந்தில் றேலி பிரபுவும் எண்ணெய்ப் படலங்களை ஆராய்வதை அறிந்த அக்னஸ், 1891 ஜனவரி 10ஆம் திகதி அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் அம்முடிவுகளைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. கடிதத்தை மொழிபெயர்ப்பித்து, அக்னஸின் பெயரிலேயே வெளியிடுமாறு நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பினார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் திகதி அது வெளியாகியது.

அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் இம்முறையை மேம்படுத்தி 1917இல் ஆய்வுகளை வெளியிட்டார். மேற்பரப்பு இரசாயனவியலுக்காக 1932இல் நோபல் பரிசும் பெற்றார். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் ஆகியோர் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டுக்களை இவ்வாறே நீர்மேல் பரப்பி, கல மென்சவ்வில் இரு இலிப்பிட்டுப் படைகள் உள்ளன என்ற முடிவுக்கு வந்தனர். உயிரியல் பாடத்தில் நீங்கள் கற்கும் மென்சவ்வுக்கும் அந்தத் தகரத் தொட்டிக்கும் இத்தகைய தொடர்புண்டு.

1932இல், அவரது எழுபதாவது வயதில், பிரவுண்ஸ்வைக் தொழினுட்பப் பல்கலைக்கழகம் அக்னஸுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1935 நவம்பர் 21ஆம் திகதி அவர் காலமானார். ஆய்வுகூடம் இல்லாதவரும் கவனமாகப் பார்த்து, பொறுமையாக அளந்தால் விஞ்ஞானியாகலாம் என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.