கையடக்கக் காமிரா தந்த ஓஸ்கார் பர்னாக்

நிழற்படக் கலை தன் கூடத்தை விட்டு வீதிக்கு இறங்கி வந்ததற்கு, ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு தொழில் வினைஞரின் இளைப்பு நோயும் ஒரு காரணமாயிற்று. அவ்வினைஞர் ஓஸ்கார் பர்னாக்.

1879ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிராண்டன்பர்க் பகுதியின் லினோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் நுண்கருவிகள் செய்யும் பட்டறையில் தொழில் பயின்றார். பின்னர், அக்கால வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று பணியாற்றித் தேர்ச்சி பெற்றார். 1902இல் யேனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஓய்வு நாட்களில் துரிங்கியக் காடுகளில் நடப்பதும் படமெடுப்பதும் அவருக்குப் பேரின்பம். ஆனால் அந்த இன்பம் பெரும் சுமையோடு வந்தது. 13க்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள், அவற்றை வைக்கும் கூடுகள், கனத்த காமிரா, அதைத் தாங்கும் முக்காலி ஆகிய அனைத்தையும் மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்தாக வேண்டும். ஆஸ்துமாவால் வாடிய உடல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. காட்சி கண்முன் விரிந்திருக்கும். அதை நெருங்க மூச்சு இராது.

சுமையைக் குறைக்கும் வழியொன்றை அவர் எண்ணினார். ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதித்துப் பின்னர் பெரிதாக்கலாம் என்று முயன்றார். தகட்டின் மணிகள் பருமனாயிருந்தமையால், பெரிதாக்கிய படம் தெளிவிழந்தது. முயற்சி தோற்றது. ஆயினும் மூலம் சிறிதாகவும் படம் பெரிதாகவும் அமைய வேண்டும் என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. சிறிய வடிவத்தில் பெரிய பொருளை அடக்கும் இவ்வேட்கை கவிஞர்க்குப் புதிதன்று.

1911இல் அவர் வெட்ஸ்லர் நகருக்குப் பெயர்ந்தார். லான் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகர், 1772இல் இளைஞராயிருந்த கோதே தங்கி, வெர்தர் புதினத்துக்குக் கரு பெற்ற ஊராகும். அங்கே நுண்ணோக்கிகளுக்குப் பெயர்பெற்ற லைட்ஸ் நிறுவனத்தின் சோதனைப் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். திரைப்படச் சுருளோடு பழக நேர்ந்தது அவ்விடத்தில்தான். அச்சுருளில் ஒரு படத்தின் அளவு 18க்கு 24 மில்லிமீட்டர். அதை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1914இல் சட்டைப்பையில் அடங்கும் உலோகக் காமிரா ஒன்று உருவாயிற்று. சுருளை நகர்த்தினாலே மூடுதிரையும் அடுத்த படத்துக்கு ஆயத்தமாகும்.

தாம் விரும்பிய கருவி தம் கைக்கே வந்துவிட்ட மகிழ்ச்சி அவருடைய படங்களில் தெரிகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு வீதிகளில் நடந்தார். 1914இல் போருக்கான படைதிரட்டல் அறிவிப்பு ஒட்டப்பட்டபோது அங்கே இருந்தார். 1920இல் வெள்ளம் வெட்ஸ்லரின் தெருக்களுக்குள் புகுந்தபோதும் அவருடைய காமிரா உடனிருந்தது. முக்காலியை நாட்டிக் காத்திருந்தால் அகப்படாத வாழ்க்கை, நடந்து செல்பவரின் கையில் அகப்பட்டது.

போரும் அதன்பின் வந்த பணவீக்கமும் காமிராவைத் தடுத்து நிறுத்தின. 1923இல் சோதனைக்காகச் சில கருவிகள் மட்டும் செய்யப்பட்டன. அஞ்சல் தலையினும் சற்றே பெரிதான மூலத்தை எவர் மதிப்பர் என்னும் ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே நிலவியது. தொழிலாளர்க்கு வேலை குறைந்துவந்த அக்காலத்தில் பெருந்தொகையை இதில் இடுவது துணிகரமான செயல். 1924இல் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அத்துணிவை மேற்கொண்டார். மாக்ஸ் பெரக் இதற்கென 50 மில்லிமீட்டர் லென்ஸை வடிவமைத்தார். 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா உலகின் முன் வைக்கப்பட்டது. லைட்ஸ், காமிரா என்னும் இரு சொற்களின் முதலசைகள் சேர்ந்ததே அப்பெயர்.

ஒரு குறை எஞ்சியிருந்தது. எடுக்கப்படும் பொருளின் தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். அன்றித் தனியான தொலைவுமானியில் அளந்து, அவ்வெண்ணை லென்ஸில் திருப்பி வைக்க வேண்டும். அதற்குள் காட்சி மறைந்துவிடும். 1932இல் வந்த இரண்டாம் லைக்காவில் தொலைவுமானி லென்ஸோடு இணைக்கப்பட்டது. சிறு சாளரத்தில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக அவ்விரண்டும் நெருங்கும். ஒன்றாகும் கணத்தில் குவியம் சரியாகிவிடும்.

1936 ஜனவரி 16ஆம் நாள் பர்னாக் பாட் நௌஹைம் நகரில் காலமானார். 1923ஆம் ஆண்டின் சோதனைக் கருவிகளுள் அவர் கையாண்டதும், அவர் பெயர் பொறிக்கப்பட்டதுமான ஒன்று 2022இல் வெட்ஸ்லரில் ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு அது விலைபோயிற்று. அத்தகு விலையில் வாங்கிய பொருளைப் பேழையில் வைத்துக் காப்பதே உலக இயல்பு.

ஆயினும் பர்னாக்கின் வாரிசுரிமை பேழைக்குள் இல்லை. எங்கோ ஒரு பழங்கடையில் கீறல் விழுந்த லைக்காவை வாங்கி, 36 படங்களுக்கான சுருளை இட்டு, சாளரத்தில் இரு உருவங்கள் ஒன்றாகும் வரை லென்ஸைத் திருகிப் பார்த்து மகிழ்பவர் எவரோ, அவருக்கே அது உரியது. நடக்கவும் நிற்கவும் காணவும் இயன்றவாறு, தம் மூச்சின் அளவுக்கு ஒரு கருவியைப் படைத்துக்கொண்டார் பர்னாக். அந்த அளவே பல்லாயிரம் பேரின் கைகளுக்கும் பொருந்திவிட்டது.