ராத்திரியில் வளைவைக் காட்டும் 'பூனைக்கண்': யார் இந்த பெர்சி ஷா?

மாத்தூர், மணலி பக்கம் ராத்திரியில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய விஷயம். எதிரே வரும் கண்டெய்னர் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும் அந்த ரெண்டு நொடி, ரோடு எந்தப் பக்கம் வளைகிறது என்றே தெரியாது.

வளைவுகளில் வெளிப்பக்கத்தை உயர்த்தி, ரோட்டைச் சாய்வாகப் போடுவார்கள். வேகமாகத் திரும்பும் வண்டி வெளியே சறுக்காமல் இருக்க அது உதவும். மீறிச் சறுக்கினால் தாங்கிக்கொள்ளத்தான் ஓரத்தில் இரும்புத் தடுப்பு. சரி, வளைவு வருகிறது என்று முன்கூட்டியே சொல்வது யார்? தரையில் மின்னும் சின்ன ரிஃப்ளெக்டர்கள். அந்த யோசனையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் பெர்சி ஷா.

1890-ல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். 13 வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பிறகு சொந்தமாக ரோடு செப்பனிடும் தொழில் நடத்தினார்.

1933-ல் ஒரு பனிமூட்ட இரவில், மலைப்பாதையில் கார் ஓட்டி வரும்போது இருட்டில் ஒரு பூனையின் கண்கள் மின்னியதாம். அதைப் பார்த்துச் சுதாரித்ததால்தான் பள்ளத்தில் விழாமல் தப்பினார் என்பது பிரபலமான கதை. 1934-ல் காப்புரிமை, 1935-ல் சொந்த கம்பெனி.

ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி அவருக்கு முன்பே இருந்தது. ஷா யோசித்தது, அழுக்கைப் பற்றி. கண்ணாடிகளை ரப்பருக்குள் பொருத்தி, இரும்புக் கூட்டில் வைத்து ரோட்டில் பதித்தார். டயர் ஏறினால் ரப்பர் அமுங்கும். அடியில் தேங்கிய மழைநீர் கண்ணாடியைக் கழுவிவிடும். துடைக்க ஆளே வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து தெருவிளக்குகளை அணைத்தபோது, பூனைக்கண்ணின் அருமை புரிந்தது. மங்கலான ஹெட்லைட்டிலும் அது வழிகாட்டியது. ஆர்டர்கள் குவிந்தன. 1965-ல் பிரிட்டிஷ் அரசு ஷாவுக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. பணம் வந்த பிறகும் கார்ப்பெட், திரைச்சீலை இல்லாத வீட்டில்தான் இருந்தார். 1976-ல், 86 வயதில் காலமானார்.

நம்ம ஊர் ரோடுகளில் இப்போது அதிகம் பதிப்பது பிளாஸ்டிக் ஸ்டட்கள். அவை பொதுவாகத் தங்களைத் தாங்களே கழுவிக்கொள்ளாது. லாரிப் புழுதி படிந்தால் மங்கிவிடும், உடைந்தால் இருட்டுதான். அதனால் பதிப்பதோடு வேலை முடிவதில்லை. துடைக்கவும் மாற்றவும் ஆள் வேண்டும். ஷா இயந்திரத்திடம் விட்ட வேலை, இங்கே பராமரிப்பவர்கள் கையில் இருக்கிறது.