ஒரே லென்ஸோடு உலகம் சுற்றியவர்

நண்பா, இந்தப் போட்டோவை நீ கண்டிப்பா பார்த்திருப்ப. ஒரு சைக்கிள், அதன் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு முனை, கூடவே நடக்கிற ஆட்கள். 1966-இல் கேரளாவின் தும்பாவில் எடுத்தது. இஸ்ரோ பற்றி யார் பேசினாலும் இந்தப் படம் ஸ்லைடில் வந்துடும். ஆனா எடுத்தவர் பேரைச் சொல்றவங்க ரொம்பக் கம்மி.

அவர் பெயர் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான். பிரெஞ்சுக்காரர். புதுசா கேமரா வாங்கிட்டு, அடுத்து எந்த லென்ஸ் வாங்கறதுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரிவ்யூ வீடியோ பார்க்கிற ஆளா நீ? அப்போ முதல்ல இவர் கதையைக் கேளு. ஏறக்குறைய நாற்பது வருஷம், பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸை வெச்சே வேலை பார்த்த மனுஷன்.

1908 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே, வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் ஆசைப்பட்டது ஓவியத்தின் மேல்தான். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பாடம் கற்றார். ஒரு சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற கணக்கு அங்கேதான் அவர் கண்ணில் ஏறியது. பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய், கடும் காய்ச்சலில் விழுந்து, உயிர் பிழைத்துத் திரும்பினார். அந்தச் சமயத்தில் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். மூன்று சிறுவர்கள் டாங்கன்யிகா ஏரி அலைக்குள் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். ஓவியத்தால் பிடிக்க முடியாத ஒரு கணத்தை கேமரா பிடித்துவிடும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

1932-இல் மார்சேய் நகரில் ஒரு லைக்கா வாங்கினார். சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கிற, கைக்குள் அடங்குகிற கேமரா அது. அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ். பளபளக்கும் பாகங்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார். தெருவில் யாரும் தன்னைக் கவனிக்கக் கூடாது என்பதற்காக.

அதே வருஷம் பாரிஸில் சாங் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நுழைத்து ஒரு படம் எடுத்தார். தேங்கிய மழைத்தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒருவர். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு நூலளவுதான் இருக்கிறது. வேலி மறைத்ததால் அந்தப் படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்க படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவருக்கு அது ஓர் அபூர்வ விதிவிலக்கு.

இங்கே கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃபிரேம் 24 × 36 மி.மீ. பித்தாகரஸைக் கூப்பிட்டா மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. வரும். ஃபோக்கல் லெங்த் இந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தா அதை நார்மல் லென்ஸ்னு சொல்வாங்க. 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 டிகிரி பார்க்கும். 28 மி.மீ. சுமார் 75 டிகிரி, 200 மி.மீ. வெறும் 12 டிகிரி. கிட்டப் போய் எடுத்தா மூக்கு பெருசா தெரியுதுல்ல? அது லென்ஸோட தப்பு இல்ல, நீ நிக்கற தூரத்தோட வேலை. ஆக, லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா எவ்வளவு தள்ளி நிக்கப் போறேங்கிறதைத் தேர்ந்தெடுக்கிறது.

பிரெஸ்ஸான் அந்தத் தூரத்தை ஒரு தடவை முடிவு பண்ணிட்டார். நாலு எட்டு வைத்தால் பேசிவிடக்கூடிய தூரம். அதனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டத்தின் நான்கு ஓரமும் அவருக்குத் தெரியும். 1937-இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஒரு பத்திரிகை அவரை அனுப்பியது. மன்னரை அவர் எடுக்கவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களின் பக்கம் கேமராவைத் திருப்பினார். அந்தப் படங்கள்தான் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

பிறகு போர் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த அவர், தன் லைக்காவை ஒரு பண்ணை நிலத்தில் புதைத்து வைத்தார். 1940 ஜூனில் ஜெர்மானியர்களிடம் சிக்கி, கிட்டத்தட்ட மூன்று வருஷம் கைதியாகக் கட்டாய வேலை செய்தார். இரண்டு முறை தப்ப முயன்று பிடிபட்டார். 1943-இல் மூன்றாவது முயற்சியில் தப்பி, புதைத்த கேமராவைத் தோண்டி எடுத்தார். இதற்கிடையில் அவர் இறந்துவிட்டதாக நினைத்து, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஒரு நினைவுக் கண்காட்சிக்கே திட்டம் போட்டது. 1947-இல் அந்தக் கண்காட்சி நடந்தபோது, அவரே உயிரோடு அங்கே இருந்தார்!

அதே 1947-இல் ராபர்ட் காப்பா, டேவிட் சிமூர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோரோடு சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். எடுத்தவனுக்கே படத்தின் உரிமை என்பது அதன் அடிப்படை. பங்கு பிரித்தபோது ஆசியா இவருக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்து, தன் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். பிர்லா மாளிகை வாசலில் நேரு அந்தச் செய்தியை மக்களுக்கு அறிவித்ததையும், இறுதி ஊர்வலத்தின் கூட்டத்தையும் பிரெஸ்ஸானின் கேமரா பதிவு செய்தது. ஃபிளாஷ் அவருக்குப் பிடிக்காது. இருக்கிற வெளிச்சத்தில்தான் எல்லாம்.

நம்ம ஊருக்கும் வந்திருக்கார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். புற்றுநோயால் உடல் தளர்ந்திருந்த ரமணரை அவர் எடுத்த படங்கள், ரமணரின் கடைசிப் படங்களில் சில. 14-ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தார். ஒரு நிமிஷம் யோசி. கடைசி நாட்களில் இருக்கிற ஒருத்தர் முன்னாடி கேமராவோட நிக்கணும். எவ்வளவு தள்ளி நிப்ப? அதுக்கு எந்த ஸ்பெக் ஷீட்டும் பதில் சொல்லாது.

அவர் 50-ஐத் தவிர வேறெதையும் தொடவே இல்லைன்னு நினைச்சுடாதே. தேவைப்பட்டபோது 35-ம் 90-ம் மாட்டியிருக்கிறார். ஆனால் திரும்பி வந்து சேர்ந்த இடம் 50 தான். 1970-களின் தொடக்கத்தில் தொழில்முறைப் புகைப்படத்தையே விட்டுவிட்டு, பென்சிலோடு ஓவியத்துக்குத் திரும்பிப் போனார். 2004 ஆகஸ்ட் 3 அன்று, 95 வயதில் காலமானார்.

சரி, உன் லென்ஸ்? அப்பா கிட்ட காசு கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். நீ எடுத்த கடைசி 500 படங்களைத் திற. எந்த ஃபோக்கல் லெங்த்தில் அதிகம் எடுத்திருக்கன்னு பாரு. ஃபைல் விவரத்திலேயே இருக்கும். அப்புறம் கிட் லென்ஸை 35-ல வெச்சு, ஜூம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிட்டு ஒரு மாசம் எடு. ஏபிஎஸ்-சி சென்சார்ல 35 மி.மீ.ங்கிறது ஏறக்குறைய பிரெஸ்ஸானோட 50 பார்த்த அதே அகலம்.

ஒரு மாசம் கழிச்சும் வெளிச்சம் பத்தலைன்னு தோணினா, எஃப் 1.8 பிரைம் ஒண்ணு வாங்கு. எஃப் 5.6-ஐ விட ஒன்பது மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ளே விடும். பறவையோ கிரிக்கெட்டோ எடுக்கணும்னா டெலி வேணும், அங்கே நடந்து கிட்டப் போக முடியாது. ஒரு சின்ன ஹாஸ்டல் ரூம் முழுக்க ஃபிரேமுக்குள் வரணும்னா வைடு வேணும். ஆனா மனுஷங்களைத்தான் எடுக்கப் போறேன்னா, முதல்ல அந்த டேப்பை ஒட்டு. தூரம் பத்தலைன்னா ஜூம் பண்ணாதே, ரெண்டு எட்டு முன்னாடி வை.