கோழியாளத்திலிருந்து எழுந்த குரல்

ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றையும் பண்பாட்டையும் யார் கற்பிப்பது? அச்சமூகத்தில் பிறந்தோர் மட்டுந்தானா? இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வு இதற்கு விடை காண உதவும்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வருவோர் பலரும் அறியாத கோழியாளம், அதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அங்குப் பிறந்த அவர் 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல், பிறர் இழிவாக வழங்கிய பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தம் மக்களின் குறைகளைத் தம் மக்களே எடுத்துரைக்க அது களமானது.

குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பதவிகள் ஆதிக்கச் சாதியினர் வசமாகும் என்று அவரது சபை 3412 கையொப்பங்களுடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பியது. இந்தியராய்ப் பிறந்ததனாலேயே ஒருவர் நடுநிலையாளர் ஆகிவிடார் என்பதை அவர் அறிந்திருந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து அரசியல் பிரதிநிதித்துவம் கோரினார். 1939இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார், 1945இல் மறைந்தார்.

பிற சமூகத்து ஆசிரியர்களை விலக்குமாறு நாம் கோரவில்லை. நேர்மையுடன் கற்பிப்போர் எவராயினும் வரவேற்கிறோம். ஆனால், நம்மவர் ஒருவரும் இல்லாத துறை நம்மைப் பற்றிப் பேசுவதை ஏற்க இயலாது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்யும் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. பட்டியல் சாதியினருக்குரிய 15 விழுக்காட்டை முழுமையாக நிரப்புவதும், சீனிவாசன் எழுதிய வரலாற்றைப் பாடநூலாக்குவதும் பல்கலைக்கழகங்களின் கடமை.