அரண்மனைச் சம்பளமும் ஆறு டுகாட் ஒப்பந்தமும்

நிரந்தர வேலையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் வீட்டில் சொன்னால், வேறு எங்கே கிடைத்திருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். எங்கும் கிடைக்கவில்லை, இனிமேல்தான் தேட வேண்டும் என்பது பதிலானால், அந்த வீட்டில் இரண்டு நாள்களுக்குப் பேச்சு இருக்காது. அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று பழகிய சமூகம் நம்முடையது. பதினேழு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டு நான் வெளியே வந்தபோது என் தந்தையார் கோபப்படவில்லை. முதல் தேதி வந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த நாள்களில்தான் மோட்சார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்க நேர்ந்தது. இசைமேதை என்று மட்டுமே நான் அறிந்திருந்த ஒருவர், வேலையை விட்ட இருபத்தைந்து வயது இளைஞராக, அப்பாவிடம் வரவு செலவுக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இசையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. அவர் பிழைத்த விதத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வோல்ஃப்கேங் அமடியஸ் மோட்சார்ட் 1756 ஜனவரி 27 அன்று சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரமும் அதைச் சூழ்ந்த பகுதியும் அப்போது ஒரு பேராயரின் ஆளுகையில் இருந்தன. பேராயரே மதத் தலைவர், அவரே அரசர். தந்தை லியோபோல்டு அந்த அரசவையில் வயலின் கலைஞர்; பிறகு துணை இசைத் தலைவராக உயர்ந்தவர். மகனின் திறமையைக் கண்ட தந்தை, ஆறு வயதிலிருந்தே அவரை வியன்னா, பாரிஸ், லண்டன் என்று அழைத்துச் சென்று மன்னர்கள் முன் வாசிக்க வைத்தார். ஐரோப்பா வியந்து பார்த்த அந்தக் குழந்தை, வளர்ந்ததும் சொந்த ஊரில் சம்பளக்காரர் ஆனது. 1772-இல் கொலொரேடோ என்ற புதிய பேராயர் பதவிக்கு வந்தபோது, பதினாறு வயது மோட்சார்ட்டுக்கு ஆண்டுக்கு 150 ஃபுளோரின் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது.

இந்த வேலையை அவர் இருமுறை விட்டார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1777-இல் முதன்முறையாக விடுதலை கேட்டுப் பெற்றுக்கொண்டு, தாயாருடன் வேலை தேடிப் புறப்பட்டார். மூனிக் நகரில் ஆட்சியாளரை நேரில் கண்டு கேட்டார். காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. மன்ஹைமில் மாதக்கணக்கில் காத்திருந்தார், பயனில்லை. பாரிஸில் ஓரிரு வாய்ப்புகள் வந்தன, நிலைக்கவில்லை. அங்கே 1778 ஜூலை 3 அன்று தாயார் நோயுற்று இறந்துபோனார். பயணத்துக்காகத் தந்தை வாங்கிய கடன் வேறு தலைக்கு மேல் நின்றது. 1779 ஜனவரியில் மகன் தலைகுனிந்து சால்ஸ்பர்க் திரும்பினார். இம்முறை அரசவை ஆர்கன் கலைஞர் பதவி. ஊதியம் ஆண்டுக்கு 450 ஃபுளோரின். மும்மடங்கு உயர்வு என்று நாம் சொல்வோம். அவருக்கு அது தோல்வியின் சம்பளமாகவே தெரிந்தது.

முதல் முயற்சி ஏன் தோற்றது என்று யோசித்துப் பார்த்தேன். அவர் ஓர் அரண்மனையை விட்டு இன்னோர் அரண்மனையைத் தேடினார். இருந்த இடத்தைப் போன்ற இன்னொரு நாற்காலியே அவருடைய இலக்கு. நாற்காலிகளோ எல்லா ஊரிலும் நிரம்பியிருந்தன.

1780 நவம்பரில் மூனிக் அரசவைக்காக ஓர் ஆப்பரா அமைக்க ஆறு வார விடுப்பில் சென்றார். இடொமெனியோ என்ற அந்தப் படைப்பு 1781 ஜனவரி 29 அன்று அரங்கேறியது. ஆறு வாரம் நான்கு மாதமாக நீண்டது. அப்போது வியன்னாவில் தங்கியிருந்த பேராயர், தன் ஊழியரை அங்கே வரச்சொல்லி ஆணையிட்டார். மார்ச் 16 அன்று மோட்சார்ட் வியன்னா வந்து சேர்ந்தார். பேராயர் தங்கிய மாளிகையிலேயே அவருக்கும் அறை. சாப்பாடு பணியாளர்களின் மேசையில். பேராயரின் அந்தரங்கப் பணியாளர்கள் இருவர் தலைமை இடத்தில் அமர, சமையற்காரர்களுக்கு மேலான இடம் தனக்குக் கிடைத்ததைக் கசப்பான கேலியோடு தந்தைக்கு எழுதினார்.

நியாயமாகப் பார்த்தால் பேராயர் கொலொரேடோ கதைகளில் வரும் கொடுங்கோலர் அல்லர். செலவைக் குறைத்துக் கல்வியையும் நிர்வாகத்தையும் சீர்திருத்த முயன்ற ஆட்சியாளர். விடுப்பு முடிந்தும் திரும்பாத ஊழியரை எந்த மேலதிகாரியும் வாழ்த்தமாட்டார். ஆனால் இசைக் கலைஞரும் மேசை துடைப்பவரும் ஒரே பட்டியலில் வரும் பணியாளர்கள் என்ற பழைய கணக்கு அவருடையது. அந்தக் கணக்கு வியன்னாவில் உடைந்தது. ஏப்ரல் மாதம் ஓர் இரவு, பேராயரின் மாளிகையில் மோட்சார்ட் கடமைக்கு வாசித்துக்கொண்டிருந்த வேளையில், அதே நகரில் கோமகள் தூன் இல்லத்தில் பேரரசர் இரண்டாம் ஜோசப் அமர்ந்து இசை கேட்டுக்கொண்டிருந்தார். மோட்சார்ட்டுக்கும் அங்கே அழைப்பு இருந்தது, போக முடியவில்லை. அங்கே வாசித்தவர்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு 50 டுகாட். அவருடைய அரையாண்டுச் சம்பளம் அது.

மே 9 அன்று வாக்குவாதம் முற்றியது. பேராயர் வசைமொழியால் அடித்து, வெளியே போகச் சொன்னார். போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், அதை வாங்க ஆளில்லை. அரண்மனை மேலாளர் கோமகன் ஆர்கோ விண்ணப்பங்களைப் பேராயரிடம் கொண்டுசேர்க்கவே இல்லை. மாறாக, மோட்சார்ட்டை உட்காரவைத்துப் புத்தி சொன்னார். வியன்னாவில் புகழ் நெடுநாள் நிற்காது, தொடக்கத்தில் பாராட்டும் பணமும் குவியும், சில மாதங்களில் ஊர் புதியவரைத் தேடிப் போய்விடும் என்பது அந்த அறிவுரையின் சாரம். ஜூன் 8 அன்று மூன்றாவது முறையாக விண்ணப்பத்துடன் வந்தவரை அதே ஆர்கோ பின்புறத்தில் எட்டி உதைத்து வாசலுக்கு வெளியே தள்ளினார். பணிவிடுப்பு ஆணை என்று ஒரு தாள் கடைசிவரை வரவில்லை. இரண்டாண்டு கழித்துச் சொந்த ஊர் செல்ல நினைத்தபோதும், முறையாக விடுவிக்கப்படாத ஊழியர் என்று சொல்லித் தன்னைக் கைது செய்துவிடுவார்களோ என அவர் அஞ்சினார்.

இந்த இடத்தில் தந்தை லியோபோல்டைப் பலரும் வில்லனாக்கிவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. அவரும் அதே பேராயரிடம் சம்பளம் வாங்குபவர். முந்தைய முயற்சியில் மனைவியை இழந்தவர். பழைய கடனை இன்னும் மறக்காதவர். மகன் உதை வாங்கியதைவிட, மகனுக்கு மாதச் சம்பளம் நின்றது அவரை அதிகம் வதைத்திருக்கக்கூடும். அவர் கடிதங்களில் வைத்த வாதங்கள் அனைத்தையும் என் வீட்டில் நான் கேட்டிருக்கிறேன்.

சரி, முதல் வரும்படி எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு மாணவியிடமிருந்து. கோமகள் ரும்பெக்கேக்குப் பியானோ கற்பித்தார். பன்னிரண்டு பாடங்களுக்கு ஆறு டுகாட். அது கோடைக்காலம். செல்வந்தர்கள் நகரை விட்டுக் கிராமத்து மாளிகைகளுக்குச் சென்றுவிட்டார்கள். கட்டணத்தைக் குறைத்தால் வேறு மாணவர்கள் கிடைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். குறைத்தால் மதிப்புப் போய்விடும் என்று மறுத்துவிட்டார். கையில் பணமில்லாத நேரத்தில் விலையைக் குறைக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை, ஒப்பந்த வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். என் முதல் மொழிபெயர்ப்பு வேலைக்கு நான் கேட்ட தொகையில் பாதிக்கு, அவர்கள் பேரம் பேசுவதற்கு முன்பே நானாக இறங்கி வந்தேன். அந்தப் பாதித் தொகையும் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது.

மோட்சார்ட்டும் அடிபட்டுத்தான் கற்றார். மாணவியர் திடீரென்று வாரக்கணக்கில் பாடத்துக்கு வருவதில்லை, பாடமில்லையேல் பணமில்லை. 1782 ஜனவரியில் அவர் ஒரு விதி செய்தார். இனிப் பாடக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு. கற்றாலும் கற்காவிட்டாலும் மாதம் ஆறு டுகாட். அப்போது அவரிடம் மூன்று மாணவியர். மாதம் 18 டுகாட் உறுதி. அவர் விட்டு வந்த மாதச் சம்பளத்தைத் தாமே தமக்கு ஏற்படுத்திக்கொண்டார் என்று சொல்லலாம். அதைவிடக் கூடுதலாகவே.

முதல் பெரிய ஒப்பந்தம் உதை விழுந்த இரண்டு மாதத்துக்குள் வந்தது. 1781 ஜூலை இறுதியில், வியன்னா அரசவை நாடக அரங்குக்கு ஜெர்மன் மொழி ஆப்பரா ஒன்றை அமைக்க, கோட்லீப் ஷ்டெஃபானி எழுதிய நாடகப் பிரதி அவர் கைக்குக் கிடைத்தது. துருக்கிய அந்தப்புரத்திலிருந்து காதலியை மீட்கும் கதை. ரஷ்ய இளவரசரின் செப்டம்பர் வருகைக்கு அது தயாராக வேண்டும் என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் அங்கத்தை முடித்தார். பிறகு இளவரசரின் வருகை தள்ளிப்போயிற்று. அவர் வந்தபோது மூத்த இசையமைப்பாளர் குளுக்கின் படைப்புகளே மேடையேறின. அவசரம் அவசரம் என்று வாங்கிப் பிறகு அலமாரியில் வைக்கும் வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது. முழுதாக ஓராண்டு கழித்து, 1782 ஜூலை 16 அன்றுதான் அது அரங்கேறியது. ஊதியம் 100 டுகாட். ஏறத்தாழ சால்ஸ்பர்க்கின் ஓராண்டுச் சம்பளம்.

அதோடு சரி. உரிமைத்தொகை என்ற ஒன்று அன்று கிடையாது. அரங்கம் நிறைந்தாலும் இசையமைப்பாளருக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. யார் வேண்டுமானாலும் அந்த இசையை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதி விற்கலாம். ஆகவே அரங்கேற்றம் முடிந்த அதே வாரத்தில், காற்றுக்கருவிக் குழுவுக்கேற்ப அதை மாற்றி எழுதும் வேலையில் இறங்கினார். தான் முந்தாவிட்டால் இன்னொருவர் லாபத்தை அள்ளிக்கொள்வார் என்று தந்தைக்கு எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 4 அன்று கான்ஸ்டன்ஸ் வெபரை மணந்தார். தந்தையின் சம்மதக் கடிதம் திருமணம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தது.

அடுத்த சில ஆண்டுகள் நன்றாகவே சென்றன. 1784-இல் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் மூன்று சந்தாக் கச்சேரிகள் நடத்தினார். சந்தாதாரர்கள் 174 பேர், ஆளுக்கு 6 ஃபுளோரின். இரண்டு வாரத்தில் முடிந்த மூன்று மாலைகளுக்கு ஆயிரத்துக்கும் மேல். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் தேவாலயத்துக்கு அருகே ஒரு வீட்டுக்குக் குடிபோனார். அதன் ஆண்டு வாடகை 460 ஃபுளோரின். பேராயர் கொடுத்த மொத்தச் சம்பளத்தைவிடப் பத்து ஃபுளோரின் அதிகம்! 1785-இல் தந்தை வந்து அந்த வீட்டில் தங்கினார். மகனின் புகழை நேரில் கண்டு மகிழ்ந்தார்; அப்போதும், கடனில்லையேல் இரண்டாயிரம் ஃபுளோரின் சேமிக்கலாம் என்று மகளுக்குக் கணக்குப் போட்டு எழுதினார். 1787 மே மாதம் லியோபோல்டு இறந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் பேரரசர் மோட்சார்ட்டுக்கு அரசவை இசைக் கலைஞர் பதவி அளித்தார். ஆண்டுக்கு 800 ஃபுளோரின். சற்று முன் இறந்த குளுக் பெற்றுவந்தது 2,000. வேலை, அரண்மனை நடன விழாக்களுக்கு இசை எழுதுவது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியா துருக்கியுடன் போரில் இறங்கியது. பிரபுக்கள் போர்முனைக்கும் கிராமங்களுக்கும் போனார்கள், விலைவாசி ஏறியது, கச்சேரிகள் குறைந்தன. நண்பரும் வணிகருமான புக்பெர்கிடம் கடன் கேட்டு மோட்சார்ட் எழுதிய கடிதங்களைப் படிப்பது எளிதன்று. 1789 கோடையில் மீண்டும் சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வான் ஸ்வீட்டன் என்ற பழைய ஆதரவாளரின் பெயர்.

அப்படியானால் ஆர்கோ சொன்னது சரிதானா? பாதி சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. புகழ் நிலைக்காது என்றார், நிலைத்தது. வருமானம் நிலைக்காது என்று சொல்லியிருந்தால் முழுதும் பலித்திருக்கும். ஆனால் அந்தத் தாளில் பெயர்கள் இல்லாமற்போனதற்கு ஊரின் சலிப்பைவிடப் போருக்கே பங்கு அதிகம். அதை ஆர்கோவும் அறிந்திருக்க முடியாது, உதை வாங்கியவரும் அறிந்திருக்க முடியாது.

1791-இல் நிலைமை தேறிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 30 அன்று அரங்கேறிய மாயப் புல்லாங்குழல் நாள்தோறும் கூட்டத்தை இழுத்தது. அதற்கு முன்பே, மே மாதத்தில், அவர் நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார். புனித ஸ்டீபன் பேராலயத்தின் இசைத் தலைவர் ஹோஃப்மன் முதியவர், நோயுற்றவர். அவருக்கு ஊதியமில்லா உதவியாளராகத் தன்னை அமர்த்தும்படியும், இடம் காலியானால் தனக்கே தரும்படியும் கேட்டிருந்தார். நகராட்சி ஒப்புக்கொண்டது. அந்தப் பதவிக்கு ஆண்டுக்கு 2,000 ஃபுளோரின், வாழ்நாள் வேலை. பத்தாண்டு சுதந்திரத்துக்குப் பிறகு அவரும் நிரந்தர வேலையைத்தான் தேடினார் என்று இதைச் சிலர் சுட்டிக்காட்டுவதுண்டு. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. பணியாளர் மேசையில் உட்கார மறுத்தவர் அவர்; சம்பளத்தை வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

ஹோஃப்மன் 1793 வரை உயிரோடிருந்தார். மோட்சார்ட் 1791 டிசம்பர் 5 அன்று, முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். பத்தாண்டு பணி முடிக்காத ஊழியரின் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது என்பது அரசவை விதி. அவருடைய பணிக்காலம் நான்கே ஆண்டு. இரண்டு குழந்தைகளோடு நின்ற கான்ஸ்டன்ஸ் பேரரசரிடம் நேரில் சென்று முறையிட்டார். விதியைத் தளர்த்தி, கணவரின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆண்டுக்கு 266 ஃபுளோரின், அனுமதிக்கப்பட்டது. மீதிக்கு அவர் கணவரின் இசையைக் கொண்டு கச்சேரிகள் நடத்தினார்; கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பாளர்களிடம் விலைபேசினார். விலைபேசுவதில் அவர் கணவரைவிடக் கெட்டிக்காரர் என்று சொல்கிறார்கள்.